பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன் பொருள் கேளுங்கள்!

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டின் இரு பக்கத்துச் சந்துகளிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. கார்மெண்ட்ஸ் வேலைக்கு வந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், பேக்டரி வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் என்று பல தரப்பினர். இந்த வீடுகளில் ஓர் ஆண் குழந்தை பிறந்தால் தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பாட்டி பஸ் ஏறி வந்துவிடுகிறார். பேரனை மடியில் வாங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்னம்மா பேரு வெச்சிருக்கீங்க?"

"கெவின், அத்தை."

"கவினா? நல்ல பேரு."

"கவின் இல்லை அத்தை, கெவின்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். கவின்."

மருமகள் கணவனைப் பார்க்கிறாள். கணவன் செல்போனைப் பார்க்கிறான். பெயர் கிடைத்ததே அதில்தான். "அதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று பாட்டி கேட்டால் இருவருக்கும் தெரியாது. "கூப்பிட ஸ்டைலா இருக்கும்மா" என்பதுதான் பதில்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. கெவின், ரயன், ஆஸ்டின், கால்வின் என்று ஆங்கிலப் பையன்களின் பெயர்கள் இன்று தமிழ் வீடுகளில் சர்வசாதாரணம். கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு என்ற வேறுபாடும் இதில் இல்லை. வைப்பது தவறா என்றால், தவறில்லை. பெற்றவர்களுக்குப் பெயர் வைக்க உரிமை உண்டு. ஆனால் நூறு ரூபாய்க்குச் சட்டை எடுத்தாலும் துணியைத் தொட்டுப் பார்த்து எடுக்கிற மக்கள், ஆயுள் முழுவதும் பிள்ளை சுமக்கப்போகும் பெயரை மட்டும் பொருள் கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆங்கிலப் பெயர் எது?

முதலில் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். ஆங்கிலப் பெயர் என்று நம்மவர்கள் நினைக்கும் பெயர்களில் பெரும்பாலானவை ஆங்கிலமே அல்ல.

ஜான், எபிரேய மொழிப் பெயர். கடவுள் அருள் செய்தார் என்பது பொருள். டேவிட், டேனியல், மைக்கேல் எல்லாம் அதே மொழியிலிருந்து வந்தவை. டேவிட் என்றால் அன்புக்குரியவன். டேனியல் என்றால் கடவுளே என் நீதிபதி. மைக்கேல் என்பது ஒரு கேள்வி. "கடவுளுக்கு நிகர் யார்?" என்று பொருள்.

பீட்டர், பிலிப், ஆண்ட்ரூ, ஸ்டீபன், ஜார்ஜ் ஆகியவை கிரேக்கப் பெயர்கள். பிலிப் என்றால் குதிரைகளை நேசிப்பவன். ஆண்ட்ரூ என்றால் ஆண்மை உடையவன். ஸ்டீபன் என்றால் முடி, அதாவது கிரீடம். பீட்டர் என்றால் கல். ஆங்கிலத்தில் அலட்டிக்கொள்பவனைப் பார்த்து "பீட்டர் விடுகிறான்" என்று நம் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அந்தப் பீட்டரே ஆங்கிலேயன் அல்ல!

விக்டர், பெலிக்ஸ் இரண்டும் லத்தீன். விக்டர் என்றால் வெற்றி பெற்றவன். பெலிக்ஸ் என்றால் மகிழ்ச்சி உடையவன். நம் ஊர் வெற்றிவேலும் ஆனந்தனும் கொண்டிருக்கும் பொருள்தான்.

ஜார்ஜ் என்ற பெயரைத் தனியாகச் சொல்லவேண்டும். மண்ணில் வேலை செய்பவன், அதாவது உழவன் என்பது அதன் பொருள். இங்கிலாந்தின் அரசர்கள் ஆறு பேர் இந்த உழவன் பெயரைத்தான் வைத்துக்கொண்டு ஆண்டார்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1886-ம் ஆண்டு வெளியிட்ட ஜி.யு.போப்பின் முதல் பெயரும் ஜார்ஜ்தான். அவர் இதே பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக இருந்தவர். உழவுக்கென்று ஓர் அதிகாரமே வைத்த நூலை உலகுக்குத் தந்தவரின் பெயர் உழவன் என்று இருப்பது பொருத்தம்தானே?

வெள்ளைக்காரனும் இதைத்தான் செய்தான்

அப்படியானால் அசல் ஆங்கிலப் பெயர் எது? எட்வர்ட், எட்வின், ஆல்பிரட் போன்றவை பழைய ஆங்கிலத்திலேயே பிறந்தவை. எட்வர்ட் என்றால் செல்வத்தைக் காப்பவன். எட்வின் என்றால் செல்வ நண்பன்.

இத்தகைய பெயர்கள் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1066-ம் ஆண்டு பிரான்சின் நார்மண்டியிலிருந்து வில்லியம் என்பவர் படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி எல்லாம் வந்தவர்களின் பெயர்கள். ஆட்சி போனதும் ஆங்கிலேயர்கள் தங்கள் தாத்தா பெயர்களைக் கைவிட்டு, ஆளவந்தவர்களின் பெயர்களைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். சில தலைமுறைகளில் பழைய பெயர்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. எட்வர்ட் என்ற பெயர் தப்பித்ததற்குக் காரணம், மூன்றாம் ஹென்றி என்ற அரசர் தாம் போற்றிய பழைய புனித அரசரின் நினைவாக 1239-ம் ஆண்டு பிறந்த தம் மகனுக்கு அதை வைத்ததுதான்.

ஆகவே, அதிகாரம் உள்ளவனின் பெயர் அழகாகத் தெரிவது மனித இயல்பு. ஆங்கிலேயனே அதற்கு விலக்கல்ல. பொம்மனஹள்ளித் தகப்பனைப் பார்த்து மட்டும் சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

முருகேசன் மகன் ஜான்சன்

ஆனால் சிரிக்கவேண்டிய இடமும் இருக்கிறது. ஜான்சன், வில்சன், ஜாக்சன், நெல்சன் என்ற பெயர்கள் தமிழர்களிடையே மிகவும் பிரபலம். இவை உண்மையில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்கள் அல்ல. குடும்பப் பெயர்கள். நாம் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுகிறோம். அவர்கள் தகப்பனார் பெயரோடு "மகன்" என்ற சொல்லைச் சேர்த்தார்கள். ஜானின் மகன் ஜான்சன். வில்லின் மகன் வில்சன். நீலின் மகன் நெல்சன். ஜாக் என்பது ஜானின் செல்லப் பெயர் என்பதால் ஜாக்சனும் ஜானின் மகன்தான்.

முருகேசன் என்பவர் ஆசையோடு தம் பிள்ளைக்கு ஜான்சன் என்று பெயர் வைக்கிறார். மு.ஜான்சன் என்று ஸ்கூலில் எழுதுகிறார்கள். இனிஷியல் முருகேசன் மகன் என்கிறது. பெயரோ ஜானின் மகன் என்கிறது. பாவம், முருகேசன்!

நியூட்டன் என்ற பெயரையும் விஞ்ஞானியின் நினைவாக வைக்கிறார்கள். மரியாதைக்குரிய காரணம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் புதிய ஊர் என்று பொருள். தமிழில் சொன்னால் புத்தூர்.

வேறு சில பெயர்களில் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். கால்வின் என்ற பெயரின் வேர் வழுக்கை என்ற பொருளுடைய லத்தீன் சொல். கேமரன் என்பது ஸ்காட்லாந்துப் பெயர். கோணல் மூக்கு என்று பொருள் சொல்கிறார்கள். கேம்பல் என்றால் கோணல் வாய். சிசில் என்ற பெயரின் வேரில் பார்வையற்றவன் என்ற லத்தீன் சொல் இருக்கிறது. தலை நிறைய முடியோடு பிறந்த குழந்தைக்கு, பொருள் தெரியாமல், வழுக்கை என்று பெயர் வைக்கிறோம்.

தமிழில் மட்டும் குப்பன், பிச்சை என்ற பெயர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவற்றுக்குக் காரணம் இருந்தது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பெயர் வைத்தார்கள். தாய்க்குத் தெரிந்தேதான் அந்தப் பெயர் வந்தது. தெரிந்து வைப்பது வேறு, தெரியாமல் வைப்பது வேறு.

பொருளைத் தமிழாக்கிய பெரியவர்கள்

வெளிநாட்டுப் பெயர் தமிழுக்கு வருவது இது முதல் தடவை அல்ல. ஆனால் அன்று வந்த விதம் வேறு.

இத்தாலியில் பிறந்த பாதிரியார் பெஸ்கியின் முதற்பெயர் கான்ஸ்டன்சோ. உறுதி என்று பொருள்படும் பெயர். தமிழ்நாட்டுக்கு வந்ததும் அவர் தைரியநாதர் ஆனார். பிறகு வீரமாமுனிவர் என்று தமிழ் உலகம் அவரைப் போற்றியது. 1726-ம் ஆண்டு அவர் இயற்றிய தேம்பாவணியின் நாயகர் சூசையப்பர். ஜோசப் என்ற அந்தப் பெயருக்கு, இறைவன் மேலும் பெருக்குவார் என்று பொருள். அதை வளன் என்று தமிழாக்கிவிட்டார்!

போர்ச்சுக்கல்லிலிருந்து வந்து 1693-ம் ஆண்டு ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோவைத் தமிழர்கள் அருளானந்தர் என்கிறார்கள். ஜான் என்ற பெயரில் உள்ள அருள் அப்படியே இருக்கிறது. அருளப்பன் என்ற பெயரும் ஜான்தான். ஸ்டீபன் கிரீடம் என்பதால் முடியப்பன். பால் என்ற பெயருக்குச் சிறியவன் என்று பொருள் என்பதால் சின்னப்பன். இன்றைக்கும் பெங்களூரில் பழைய கண்டோன்மெண்ட் பகுதித் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தப் பெயர்களைக் கேட்கலாம்.

தேவசகாயம் என்ற பெயரைப் பாருங்கள். குமரி மாவட்டம் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர் 1745-ம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வைத்த பெயர் லாசரஸ். கடவுள் உதவினார் என்று அதற்குப் பொருள். அதுவே தமிழர் வாயில் தேவசகாயம் ஆயிற்று. 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது உலகமெல்லாம் ஒலித்தது அந்தத் தேவசகாயம் என்ற பெயர்தான்.

இது கிறிஸ்தவர்கள் மட்டும் செய்ததல்ல. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று ஆக்கிக்கொண்டார் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகள். வேதம் மறை ஆயிற்று, அசலம் மலை ஆயிற்று. பொருள் மாறவில்லை.

பொருள் தெரிந்து வெளிநாட்டுப் பெயரை அப்படியே வைத்தவர்களும் உண்டு. கலைஞர் கருணாநிதிக்கு 1953-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி மகன் பிறந்தார். நான்கு நாள் கழித்து, மார்ச் 5-ந் தேதி ரஷ்யாவின் ஸ்டாலின் இறந்தார். மகனுக்கு அந்தப் பெயரையே சூட்டினார் கலைஞர். எஃகு என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் தகப்பனிடம் பதில் இருந்தது. அதுதான் முக்கியம்.

கௌரவம் தந்த பெயர்

தமிழ்ப் பெயர்தான் வைக்கவேண்டும் என்று அடித்துச் சொல்பவர்கள் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும்.

பெயரைக் கேட்டே சாதியைக் கண்டுபிடித்து, ஆளை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்த நாடு இது. 1929-ம் ஆண்டு செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானம் போடவேண்டிய நிலை இருந்தது. கேவலமான பெயரால் அழைக்கப்பட்ட ஒரு கூலித் தொழிலாளி, தன் மகனை வில்லியம் என்றோ ஆல்பர்ட் என்றோ அழைத்தபோது அது வெறும் ஸ்டைல் அல்ல. எவனும் என் பிள்ளையை "அடே" என்று கூப்பிடக்கூடாது என்ற ஆசை அது. கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஊரே வெள்ளைக்காரர் பெயரில் இருந்தது. பூமிக்கு அடியில் இறங்கிப் பொன் எடுத்த தமிழன் தன் பிள்ளைக்கு அந்தப் பெயர்களை வைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் பெயரைக் கொண்டே ஆளை மறைக்கும் வேலையும் இதே ஊரில் நடந்தது. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு பெங்களூரில் கால் சென்டர்கள் பெருகின. அமெரிக்கர்களிடம் போனில் பேசவேண்டும் என்பதற்காக நம் பிள்ளைகளுக்கு ராத்திரிக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் கொடுத்தார்கள். பகலில் செந்தில், ராத்திரியில் சாம். முதல் பெயர் மாற்றம் பிள்ளை தலை நிமிர்வதற்காக நடந்தது. இரண்டாவது, வாடிக்கையாளன் மனம் கோணாமல் இருப்பதற்காக நடந்தது. இன்று பெயர் தேடும் பெற்றோர், தாங்கள் இவற்றில் எதற்காகத் தேடுகிறோம் என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டால் போதும்.

சர்டிபிகேட்டில் வரும் தொல்லை

பொருளை விடுங்கள், எழுத்துக்கு வருவோம். பிலிப் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு எல் போட்டும் எழுதலாம், இரண்டு எல் போட்டும் எழுதலாம். ஸ்டீபனுக்கு நடுவில் பி எச் போடுபவர்களும் உண்டு, வி போடுபவர்களும் உண்டு. ஜெப்ரியை ஜி எழுத்திலும் தொடங்கலாம், ஜே எழுத்திலும் தொடங்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், ஸ்கூல் டி.சி.யில் இன்னொரு விதம் என்று ஆகிவிட்டால் பிள்ளை காலேஜுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும்போது பெற்றோர் அலையவேண்டும். ரயிலில் டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல் பரிசோதகரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

தமிழ்ப் பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சொல்லமுடியாது. பழைய கன்னடத்தில் ழகர எழுத்து இருந்தது. பிறகு வழக்கொழிந்துவிட்டது. அதனால் எழிலன் இங்கே எளிலன் ஆகிவிடுகிறான். கர்நாடகத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள், வைக்கப்போகும் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

அவசரப்படவும் தேவையில்லை. 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். ஆனால் பெயர் முடிவாகாவிட்டால் பெயரில்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டு வரை கட்டணம் செலுத்திச் சேர்க்க வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிளார்க் கேட்டார் என்பதற்காக வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடவேண்டியதில்லை. 2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்று முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், ஓட்டர் பட்டியல், பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். முதல் காகிதத்தில் விழும் எழுத்து கடைசி வரை வரும்.

வாயில் நிற்பதே பெயர்

பெங்களூரில் பிரேசர் டவுன் என்ற பகுதி இருக்கிறது. மைசூர் மகாராஜாவுக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அது. புலிகேசி நகர் என்று மாற்றிப் பல காலம் ஆயிற்று. ஆனால் ஆட்டோக்காரரிடம் கேட்டால் இன்றும் பிரேசர் டவுன்தான். இன்னொரு பக்கம், பேங்களூர் என்று ஆங்கிலத்தில் எழுதிவந்த ஊர்ப் பெயர் 2014-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பெங்களூரு என்று மாறியது. பொம்மனஹள்ளிக்குப் பக்கத்தில் உள்ள பேகூரில், ஏறக்குறைய 890-ம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டாக உள்ளூர்க்காரர்களின் வாயில் இருந்த பெயர், காகிதத்துக்கும் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். காகிதத்தில் எது இருந்தாலும், கூப்பிடுகிறவர்கள் வாயில் நிற்பதுதான் பெயர்.

பிள்ளையைக் கூப்பிடப்போவது யார்? அமெரிக்காவில் உள்ள மேனேஜர் கூப்பிட இன்னும் இருபத்தைந்து வருஷம் ஆகும். அதுவரை கூப்பிடப்போவது தாய், தகப்பன், பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா. பாட்டிக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று யாரும் சொல்லமுடியாது. வாயில் நுழையாத பெயரைச் சொல்லத் தயங்கி, "டேய் கண்ணு" என்று மட்டும் கூப்பிட்டுவிட்டு அவர் ஊருக்குப் பஸ் ஏறினால் அது யாருக்கு நஷ்டம்?

அந்தக் கெவின் என்ற பெயருக்கு வருவோம். அது அயர்லாந்து நாட்டுப் பெயர். பழைய ஐரிஷ் மொழியில் அழகான பிறப்பு என்று பொருள். தமிழில் கவின் என்றால் அழகு. இரண்டு மொழிக்கும் உறவு இல்லை. ஒலியும் பொருளும் தற்செயலாக ஒத்துப்போயின.

ஆக, அந்தப் பாட்டி தவறாகச் சொல்லவில்லை. மகனும் மருமகளும் பொருள் கேட்டிருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க இன்னும் அவகாசம் இருந்தால், அவர்கள் பாட்டியிடமே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.